கரண்ட் குட்டியானையைக் கடற்கரை மணலில் புதையாமல் ஓட்டுவது எப்படி?

போன மாசியில் குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலந்துறையில் என் கரண்ட் குட்டியானை, அதாவது மின்சாரத்தில் ஓடும் சின்னச் சரக்கு வண்டி, புதைந்தபோது சத்தமே வரவில்லை. டீசல் வண்டி என்றால் உறுமும், புகை கக்கும், கிளட்ச் கருகி நாறும். கரையில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். கரண்ட் வண்டி முனகக்கூட இல்லை. நகர்கிறது என்று நினைத்து நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் கையை ஆட்டினார். "மக்கா, காலை எடு. நீ வண்டி ஓட்டல, கெணறு தோண்டுத."

இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் பாதி உள்ளே. டீசல் வண்டியில் இழுவை வருவதற்கு எஞ்சின் வேகம் ஏற வேண்டும். மின்மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் கொடுத்துவிடும். தார் ரோட்டில் அது சுகம். மணலில் சக்கரம் ஒரு நொடி சறுக்கினாலே குழி விழுந்துவிடும். ஆகவே இங்கே காதை நம்பாதீர்கள். பக்கக் கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பாருங்கள்.

வள்ளம் கரையேறும் இடத்தில் மீன் பெட்டி ஏற்றப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேடிக்கைக்கு ஓட்ட நினைப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். சொத்தவிளை, சங்குத்துறை மாதிரி ஆட்கள் குளிக்கும் கரைகளில் வண்டியை இறக்காதீர்கள். மீன்கரையிலும் ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் வண்டி போகும் தடத்திலேயே போங்கள். பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிடும் மாதங்களில் இரவில் மணலில் இறங்கவே வேண்டாம். அது 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிர். முட்டைக்குழி நம் கண்ணுக்குத் தெரியாது.

1. கால்நடையாகப் போய்ப் பாருங்கள்

செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டி போக வேண்டிய வழியில் நடங்கள். கணுக்கால் வரை புதைந்தால் அந்த வழி வேண்டாம். குதிகால் தடம் மட்டும் விழுந்தால் போகலாம். மேல்கரையில் காய்ந்த மணல், அதற்குக் கீழே ஈரமணல், அலை நக்கும் ஓரத்தில் தண்ணீர் ஊறிய மணல் என்று மூன்று பட்டை தெரியும். நடுப்பட்டைதான் நமக்கு வேண்டியது. சின்னப் பிள்ளைகள் மண்வீடு கட்ட எந்த மணலை அள்ளுவார்கள் என்று யோசியுங்கள்; அந்த ஈரம்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கும். அலையோரம் கெட்டியாகத் தெரிந்தாலும் ஒரு நிமிடம் நின்றால் சக்கரத்தடியில் மணல் கரைந்து ஓடிவிடும்.

விடிகாலையில் பனி ஈரம் இருக்கும்போது உள்ளே போய் வருவது நல்லது. மணவாளக்குறிச்சிப் பக்கம் கருமணல் வெயிலில் சட்டென்று சூடேறி உதிர்ந்துகொண்டே இருக்கும். மத்தியானம் அங்கே நடக்கவே முடியாது, வண்டி எங்கே போக? கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் கரைக்கே போகாதீர்கள். எங்கோ தெற்கே தொலைவில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாதபோது வந்து ஏறும்.

2. காற்றை இறக்குங்கள்

பாதி வேலை இதில்தான். காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் படியும், பாரம் பரவும். காலி வண்டிக்கு, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பேன். பாரத்தோடு திரும்புவதானால் கொஞ்சமாகத்தான் குறைப்பேன். அதிகம் குறைத்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். டியூப் போட்ட டயரில் வால்வு கிழியும். கண்ணளவு வேண்டாம், காற்றுமானி வாங்குங்கள். 12 வோல்ட்டில் ஓடும் சின்னப் பம்பும் வண்டியிலேயே இருக்கட்டும். காற்றைக் குறைத்தபின் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள்.

3. ஈகோ (Eco) முறையில் போடுங்கள், பிரேக் மீட்பைக் குறையுங்கள்

சார்ஜை மிச்சம் பிடிக்கும் ஈகோ முறையில் மிதிக்கு மோட்டார் மெதுவாகப் பதில் சொல்லும். காலை எடுத்ததும் வண்டி தானாக இழுத்துப் பிடித்துச் சார்ஜ் ஏற்றுகிறதல்லவா, அதைக் குறைந்த அளவில் வையுங்கள். இல்லாவிட்டால் காலை எடுத்த மறுகணம் பின்சக்கரம் இறுகி, தன் முன்னாலேயே மணலைக் குவித்து அணை கட்டிவிடும். மணலில் சார்ஜ் தார் ரோட்டைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகக் கரையும். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நான் இறங்குவதில்லை.

4. ஓட்டுவது

மெல்ல மிதித்து, சீரான வேகம் வந்ததும் அதே அளவில் காலை வையுங்கள். திரும்ப வேண்டுமென்றால் அகலமாக வளைத்துத் திரும்புங்கள். சரிவில் ஏறும்போது நேராக ஏறுங்கள், குறுக்கே போனால் பின்பக்கம் கடலை நோக்கி வழுக்கும். நிறுத்தும்போது பிரேக் போடாமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள். வண்டியின் மூக்கு லேசாக இறக்கத்தைப் பார்த்து நின்றால் மறுபடி கிளப்புவது எளிது.

5. புதைந்துவிட்டால்

சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லையா, உடனே காலை எடுங்கள். பெட்டிகளை இறக்குங்கள். அப்புறம் சக்கரத்துக்கு முன்னும் பின்னும், வண்டியின் வயிற்றுக்கு அடியிலும் மணலை அள்ளுங்கள். வயிற்றை மறந்துவிடுவோம், பேட்டரிப் பெட்டி மணலில் உட்கார்ந்துவிட்டால் சக்கரத்துக்குப் பாரமே போகாது. அன்றைக்கு எனக்கு உதவியது தென்னை மட்டைதான். வெட்டுவாய் சக்கரத்தை ஒட்டியிருக்கும்படி நான்கு மட்டையை நீளவாக்கில் சொருகினோம். மேலே நனைந்த சாக்கு. இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் எடுத்தேன். மூன்று பேர் முன்னாலிருந்து தள்ளினார்கள். பின்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். வண்டி அந்தப் பக்கம்தானே வரும். ரிவர்ஸில் சக்கரம் சறுக்கினால் மட்டை முன்னோக்கிப் பாயும், அதனால் தள்ளுபவர்களும் சக்கரத்துக்கு நேரே நிற்க வேண்டாம்.

திரும்பத் திரும்ப முயன்றால் மோட்டார் சூடேறி வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அது கோளாறு அல்ல. இருபது நிமிடம் ஆறவிட்டு, பெரியவரோடு ஒரு சுக்குக்காப்பி குடியுங்கள். கயிறு கட்டி இழுப்பதானால் நியூட்ரலில், இழுகொக்கியில் மட்டும் கட்டி, மெதுவாக, மணலைத் தாண்டும் தூரம் வரைதான். தார் ரோட்டில் அப்படியே இழுத்துக்கொண்டு போனால் சக்கரம் மோட்டாரைச் சுழல வைத்துக் கெடுத்துவிடும்.

கடல்தண்ணீர் பேட்டரிப் பெட்டி வரை ஏறி நின்றிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். ஆட்களை விலக்கி, சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். உப்புநீர் உள்ளே போன பேட்டரி பல மணிநேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம்.

6. கரையேறிய பிறகு

ரோடு ஏறும் முன் காற்றை நிரப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பீச்சுகுழலை இணைப்புகளுக்குப் பக்கத்தில் காட்டாதீர்கள்; ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடவே வேண்டாம். அரைமணிநேரம் ஆறவிட்டுச் சார்ஜில் போடுங்கள். பின்பிரேக் டிரம்மை மாதம் ஒருமுறை மெக்கானிக்கிடம் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். என்னுடையதைக் கழற்றியபோது ஒரு கைப்பிடி மணல் கொட்டியது, கூடவே ஒரு குட்டிச் சிப்பியும்.