முதல் 10 கிலோமீட்டர் நன்கொடை ஓட்டம்: வடசென்னையிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

ஓர் அமைப்புக்காகத் தெரிந்தவர்களிடம் பணம் திரட்டி ஓடும் நன்கொடை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் 10 கிலோமீட்டரை நினைத்து அஞ்சுவதில்லை. தெரிந்தவர்களிடம் பணம் கேட்க வேண்டுமே என்றுதான் அஞ்சுகிறார்கள். வடசென்னையில் இந்தத் தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்கு, கோயில் திருவிழாவுக்கு, கால்பந்துப் போட்டிக்கு என்று ஆண்டு முழுவதும் ரசீதுப் புத்தகம் வந்துகொண்டே இருக்கும் தெருக்கள் இவை. கொடுத்துப் பழகிய மக்கள்தான், ஆனால் கொடுத்த பணம் எங்கே போனது என்று பிறகு கேட்டுப் பதில் கிடைக்காத அனுபவமும் அவர்களுக்கு உண்டு. ஆகவே உடம்பைப் பழக்குவதற்குப் பன்னிரண்டு வாரம் ஒதுக்குவதைப் போலவே, கேட்பதற்கும் அதே பன்னிரண்டு வாரத்தை ஒதுக்கி, இரண்டையும் ஒரே நாட்காட்டியில் எழுதிக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். சென்னையின் பெரிய மாரத்தான் வழக்கமாக ஜனவரியில் நடப்பதால், அக்டோபர் நடுவில் தொடங்குவதாக வைத்துக்கொண்டு இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

படி 1: ஓட்டத்தையும் அமைப்பையும் தேர்ந்தெடுத்தல்

இதுவரை ஓடியே பழகாதவர் 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானையும் 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானையும் இந்த ஆண்டு மறந்துவிடலாம். பன்னிரண்டு வாரத்தில் 10 கிலோமீட்டரை அடைவதே போதுமான வேலை. நாற்பது வயதைத் தாண்டியவர்களும், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இதயக் கோளாறோ உள்ளவர்களும் பெயர் பதிவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அது பதிவு பெற்ற அறக்கட்டளையா, வருமானவரிச் சட்டத்தில் 80ஜி என்று பலரும் அறிந்த, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை பெற்றுத் தரும் பதிவு அதற்கு உண்டா, நன்கொடைக்கு ரசீது தருகிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். உங்கள் தெருவிலேயே மாலை வகுப்பு நடத்தும் இளைஞர் மன்றத்துக்காக ஓட விரும்பினால் அதிலும் தவறில்லை; அந்த மன்றம் பதிவு பெறாததாக இருந்தால், வரிச்சலுகை கிடையாது என்பதைக் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டத்துக்கான பதிவுக் கட்டணம் வேறு, நன்கொடை வேறு. கட்டணத்தையும் காலணிச் செலவையும் உங்கள் கையிலிருந்து கட்டுங்கள். "இவன் ஷூ வாங்க நான் ஏன் காசு தர வேண்டும்?" என்ற கேள்வி எழவே இடம் இருக்கக் கூடாது. சில அமைப்புகள் தங்கள் பெயரில் ஓடுபவர் குறைந்தபட்சம் இவ்வளவு திரட்ட வேண்டும் என்று நிபந்தனை வைக்கும். அந்தத் தொகை எட்டாவிட்டால் மீதியை நீங்கள் கட்ட வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: பணம் செல்லும் வழியை முதலில் அமைத்தல்

ஒருவரிடமும் கேட்பதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது. பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கோ உங்கள் ஜிபே எண்ணுக்கோ வரக் கூடாது. அறக்கட்டளையின் சொந்த யுபிஐ கியூஆர் குறியீட்டை வாங்கி, அட்டையில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்தவுடன் கைப்பேசித் திரையில் அமைப்பின் பெயர் தெரியும். கொடுப்பவர் அந்தப் பெயரைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பணம் அனுப்புவார். நீங்கள் எத்தனை உறுதிமொழி சொன்னாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

ரொக்கமாகத்தான் தருவேன் என்பவர்கள் இருப்பார்கள், குறிப்பாக வயதானவர்கள். அவர்களுக்காக அமைப்பின் ரசீதுப் புத்தகத்தையே கேட்டு வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது என்பதையும், புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். சலுகை பெற விரும்புபவரிடம் பான் எண் வாங்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. துபாயில் வேலை பார்க்கும் சித்தப்பா இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட அத்தை அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படும். அதற்குரிய எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புகள் மட்டுமே, டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கின் வழியாக, அதைப் பெற முடியும்.

படி 3: காலணி, உடை, ஓடும் இடம்

காலணியை மாலை நேரத்தில் வாங்குங்கள். பகல் முழுவதும் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கும் காலணி நுனிக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி வேண்டும். பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சிக் கனத்து உரசும் என்பதால், கால்பந்து ஆடுபவர்கள் போடும் மெல்லிய பாலியஸ்டர் ஜெர்சி போதும். வியாசர்பாடியில் எந்த வீட்டிலும் அப்படி ஒன்று கிடக்கும்.

இடம்தான் வடசென்னையில் பெரிய கேள்வி. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசை கட்டுவதால், கடற்காற்று எவ்வளவு அழைத்தாலும் அங்கே ஓட வேண்டாம். தொடக்க வாரங்களுக்குப் பூங்காக்கள் நல்லவை: 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராயபுரம் ராபின்சன் பூங்காவோ, பெரம்பூரில் முரசொலி மாறன் பெயரிலுள்ள பூங்காவோ உங்களுக்கு அருகில் இருக்கலாம். சுங்கச்சாவடியிலிருந்து விம்கோ நகர் பக்கம் வசிப்பவர்களுக்கு, 2021இல் திறந்த மெட்ரோ பாதையின் தூண்களே அளவுகோல்: போக்குவரத்து தொடங்காத அதிகாலையில், எதிரே வரும் வண்டிகள் தெரியும்படி ஓரமாக, நான்கைந்து தூண்களுக்கு மெதுவாக ஓடி அடுத்த ஆறேழு தூண்களுக்கு நடந்தால், கடிகாரம் பார்க்காமலே முதல் வாரப் பயிற்சி முடிந்துவிடும். நீண்ட ஓட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போய்விடுவது நல்லது.

தெரு நாய்கள் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, திரும்பி ஓடாமல் மெல்ல நடந்து விலகுங்கள். பெண்கள் இருட்டில் தனியாக ஓடுவதைவிட, அதே நேரத்தில் நடைப்பயிற்சிக்கு வரும் இரண்டு பேரைத் துணை சேர்த்துக்கொள்வது நிம்மதி தரும். அவர்களே உங்கள் முதல் நன்கொடையாளர்களாகவும் ஆகக்கூடும்.

படி 4: பன்னிரண்டு வார ஓட்டம்

வாரத்தில் மூன்று நாள் ஓட்டம் போதும்: இரண்டு வேலைநாள், ஒரு ஞாயிறு. இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு.

வாரம் 1, 2: ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிய பின், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை.

வாரம் 3, 4: இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஒன்பது முறை.

வாரம் 5, 6: ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஐந்து முறை. ஞாயிறு 5 கிலோமீட்டர், வேண்டிய இடத்தில் நடந்து.

வாரம் 7, 8: எட்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஞாயிறு 6, பிறகு 7 கிலோமீட்டர்.

வாரம் 9: வேண்டுமென்றே குறைக்க வேண்டிய வாரம். ஞாயிறு 5 மட்டும்.

வாரம் 10, 11: ஞாயிறு 8, பிறகு 9 கிலோமீட்டர். முழு 10ஐயும் பயிற்சியில் ஓடிப் பார்க்கத் தேவையில்லை.

வாரம் 12: இரண்டு முறை, 3 கிலோமீட்டர் அளவில், சோம்பலாக.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி; இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். தொடக்கக்காரர்கள் பயிற்சியைக் கைவிடுவதற்குப் பெரும்பாலும் சோம்பலைவிட அவசரமே காரணமாகிறது. தசை முழுவதும் பரவலாக வலித்தால் அது பழகும் வலி. ஓரிடத்தில், குறிப்பாக முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய அளவுக்குக் குத்தினால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். மார்பு வலி, தலைசுற்றல், புழுக்கத்தில் ஓடும்போது மனக் குழப்பம் ஆகியவை தென்பட்டால் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

ஓடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம்; முடித்தபின் உப்புப் போட்ட மோர் அல்லது கேழ்வரகுக் கூழ். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். வயிறு குலுங்குமளவு தண்ணீர் குடிப்பதும் உடலின் உப்பை நீர்த்துப்போகச் செய்யும்.

வடகிழக்குப் பருவமழை இந்தப் பன்னிரண்டு வாரத்தின் மேலேயே வந்து விழும். தேங்கிய நீரில் ஓடாதீர்கள்: மூடியில்லாத பாதாளச் சாக்கடைக் குழி கண்ணுக்குத் தெரியாது, எலிக்காய்ச்சலும் அந்த நீரில்தான் பரவுகிறது. அப்படிப்பட்ட நாட்களில் குடியிருப்பின் மாடிப்படிகளில் இருபது நிமிடம் ஏறி இறங்கினால் போதும். மணலி, கொடுங்கையூர், ராயபுரம் பகுதிகளில் காற்றின் தரத்தைக் காட்டும் நிலையங்கள் உள்ளன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் குறியீட்டெண் 200ஐத் தாண்டியிருந்தால் அன்று ஓட்டம் வேண்டாம். ஆலைப் புகையின் நெடி மூக்கில் ஏறினால் எண்ணைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பலாம்.

படி 5: கேட்கப் பழகுதல்

முதல் இரண்டு வாரம் யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் பங்கை நீங்களே முதலில் கட்டிவிடுங்கள். "நான் 500 கட்டிவிட்டேன்" என்று சொல்லிக் கேட்பவருக்குக் குரல் தழுதழுப்பதில்லை.

மூன்றாம் வாரத்தில், மறுத்தாலும் உறவு கெடாத மூன்று பேரிடம் மட்டும் கேளுங்கள்: அக்கா, பள்ளித் தோழன், மாமா. ஐந்தாம் வாரத்திலிருந்து தெருவுக்கும் தெரிந்த கடைகளுக்கும் செல்லலாம். அலுவலகமும் பழைய வகுப்புத் தோழர் குழுவும் எட்டாம் வாரத்துக்கு. அதற்குள் நீங்கள் 5 கிலோமீட்டர் ஓடியிருப்பீர்கள், கேட்கவும் ஒரு கதை சேர்ந்திருக்கும்.

தொகையைச் சொல்லிக் கேளுங்கள். "உங்களால் முடிந்ததை" என்பது பணிவாகத் தோன்றினாலும் எதிரில் இருப்பவரைத் தவிக்க விடுகிறது. 50 கொடுத்தால் குறைவோ, 1,000 எதிர்பார்க்கிறானோ என்று அவர் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு கனடியரிடமும் ஒரு டாலர் என்பதே அவர் கேட்ட கணக்காக வளர்ந்தது. நோய் மீண்டும் தாக்கியதால் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டரோடு அவர் நின்றார். அடுத்த ஆண்டு தொடக்கத்துக்குள் நாட்டின் மக்கள்தொகைக்கு ஈடான 2.4 கோடி டாலர் சேர்ந்துவிட்டது. யாராலும் கொடுக்கக்கூடிய தொகை என்பதில்தான் அந்தக் கோரிக்கையின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நம் தெருவுக்கு அதை "கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய், மொத்தம் நூறு" என்று மாற்றிக்கொள்ளலாம்.

மளிகைக் கடையில் நேரில் கேட்பதென்றால், கூட்டம் இல்லாத பிற்பகலில் போய் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணாச்சி, ஜனவரியில கேன்சர் நோயாளிங்களுக்காகப் பத்து கிலோமீட்டர் ஓடுறேன். கிலோமீட்டருக்குப் பத்து ரூபா கணக்குல நூறு ரூபா தர முடியுமா? பணம் எங்கிட்ட வராது, இதை ஸ்கேன் பண்ணா நேரா டிரஸ்டுக்குப் போயிடும். இப்ப முடியலன்னாலும் பரவாயில்லை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மறுப்பதற்கு ஒரு மரியாதையான வழி இருக்கும்போதுதான் கொடுப்பவரும் விருப்பத்தோடு கொடுக்கிறார். வாட்ஸாப்பில் மேலதிகாரிக்கு எழுதுவதென்றால் குழுவில் போடாமல் தனியாக அனுப்புங்கள்: "வணக்கம் சார். அடுத்த மாத நன்கொடை ஓட்டத்துக்காகப் பயிற்சி எடுத்து வருகிறேன். தாங்கள் 500 ரூபாய் வழங்கினால் உதவியாக இருக்கும். அமைப்பின் விவரமும் கியூஆர் குறியீடும் இணைத்துள்ளேன்." உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் மட்டும் கேட்கவே கூடாது, அவர்களால் மறுக்க முடியாது.

"பார்க்கலாம்" என்று சொன்னால் பெரும்பாலும் இல்லை என்று பொருள். பதினோராம் வாரத்தில் ஒரே ஒரு முறை நினைவூட்டிவிட்டு விட்டுவிடுங்கள். "நீ ஓடுறதால அவங்களுக்கு என்ன?" என்று யாராவது கேட்டால் கோபப்பட வேண்டாம், நியாயமான கேள்விதான். ஓட்டம் நேரடியாக யாரையும் குணப்படுத்தாது; மூன்று மாதம் உழைக்க ஒருவர் தயாராக இருக்கிறார் என்று காட்டிக் கேட்பதற்கு அது ஒரு காரணம், அவ்வளவே என்று சொல்லுங்கள்.

காலம் பார்த்துக் கேட்பது இங்கே மிகவும் முக்கியம். மாதச் சம்பளக்காரர்களிடம் முதல் பத்து நாளுக்குள் கேளுங்கள். தீபாவளிக்கு முந்தைய பத்து நாளை விட்டுவிடுங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாட்களில் காசிமேட்டில் படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த வாரத்தில் மீனவர் வீட்டுப் படியேறாதீர்கள். ஆண்டு நடுவில் வேறு ஓட்டத்துக்குப் பயிற்சி எடுப்பவர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை அடியோடு தவிர்க்க வேண்டும்.

யார், எவ்வளவு, எந்தத் தேதி என்பதை மொய் நோட்டைப் போல் வரிசையாக எழுதி வையுங்கள். மொய் திரும்பச் செய்ய வேண்டியது. இது அப்படி இல்லை என்றாலும், நாளை அவர்கள் வீட்டுப் பிள்ளை இதே போல் ஓடினால் நீங்களும் கொடுக்கத்தான் வேண்டும்.

படி 6: ஓட்ட நாளும் கணக்கும்

எண் அட்டையை முதல் நாளே வாங்கி ஜெர்சியில் குத்திவிடுங்கள். அதை வேறொருவருக்கு மாற்றித் தர வேண்டாம், அவசரத்தில் மருத்துவக் குழு அந்த எண்ணை வைத்துத்தான் உங்களை அடையாளம் காணும். புதுக் காலணி, புது உணவு எதுவும் அன்று வேண்டாம். அக்குளிலும் தொடையிலும் வாஸ்லின் தடவுங்கள். முதல் 2 கிலோமீட்டரைக் கூட்டத்தின் வேகத்தில் ஓடாமல், ஐந்தாம் வாரத்தில் ஓடியதைப் போல் இடையிடையே நடந்து ஓடுங்கள்.

மூன்று நாளுக்குள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மூன்று விவரம் அனுப்ப வேண்டும்: ஓடி முடித்த படம், மொத்தம் சேர்ந்த தொகை, அமைப்பு கொடுத்த ஒப்புகை. கைப்பேசி இல்லாத பாட்டிக்கு நேரில் போய் ரசீதைக் கொடுங்கள். முழுத் தொலைவையும் ஓட முடியாமல் போயிருந்தால், ஓடிய தொலைவை உள்ளபடியே எழுதுங்கள். அதற்காக யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. வரிச்சலுகைக்கான சான்றிதழ் மார்ச் 31இல் நிதியாண்டு முடிந்த பிறகே அமைப்பிடமிருந்து வரும் என்பதையும் அந்தச் செய்தியிலேயே குறிப்பிட்டு, பான் எண் கொடுத்தவர்களின் பட்டியலை ஏப்ரலில் ஒருமுறை அமைப்போடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.