களிமண் பூசியும் கத்தி ஏன் கெடுகிறது?

கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய லொறி வில்லுத் தகடு ஒன்றை வாங்கி, வெட்டித் தேய்த்துக் கத்தியாக்கி, முதுகில் களிமண் பூசி, சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்ச்சல் போட்டுவிட்டு, வாய்க்கும் முதுகுக்கும் இடையே ஓடவேண்டிய அலைக்கோடு ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. மண்ணை மாற்றுகிறார்கள், பூச்சின் தடிப்பை மாற்றுகிறார்கள். கோளாறு மண்ணில் இல்லை, தகட்டில்.

களிமண் உருக்கைக் கடினமாக்குவதில்லை. சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். 1095 என்ற தர எண் கொண்டது போன்ற, வேறு உலோகம் அதிகம் கலக்காத வெறும் காபன் உருக்கு, சிவக்கக் காய்ந்த நிலையிலிருந்து 540 பாகை செல்சியசுக்குக் கீழே ஒரு விநாடிக்குள் இறங்கியாக வேண்டும். மண் இல்லாத வாய்ப்பக்கம் அந்த வேகத்தில் குளிர்ந்து மார்டென்சைட் எனும் மிகக் கடினமான நிலைக்கு வருகிறது. மண்ணுக்கு அடியிலுள்ள முதுகு பிந்திவிடுவதால் பேர்லைட் எனும் மென்மையான நிலையில் நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் அந்த அலைக்கோடு. ஜப்பானியர் அதை ஹமோன் என்கிறார்கள். லொறித் தகட்டிலோ பெரும்பாலும் குரோமியமும் மங்கனீசும் கலந்திருக்கும். அவை உருக்குக்குக் கூடுதல் அவகாசம் தருகின்றன. முதுகு மெதுவாகக் குளிர்ந்தாலும் கடினமாகிவிடும். அந்தத் தகட்டில் நல்ல சமையலறைக் கத்தி செய்யலாம். மண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்.

கோடு வேண்டுமென்றால் வெறும் காபன் உருக்காலான பழைய, தரமான அரம் ஒன்றைத் தேடுங்கள். மலிவான அரங்கள் சிலவற்றில் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரு துண்டை வெட்டி, பற்களையும் மேல்தோலையும் தேய்த்தெடுத்து, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வளைந்தால் வேண்டாம், படக்கென்று முறிந்து, முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் நுண்ணிய மணியாகத் தெரிந்தால் வேலைக்கு ஆகும். கத்தியிலும் அரத்தின் பற்களை முழுதாகத் தேய்த்துவிட வேண்டும். ஒரு பல்லின் அடி மிஞ்சினாலும் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

மண்ணைப் பொறுத்தவரை, சட்டி பானை செய்யும் களியை அப்படியே அப்பினால் காயும்போதே சுருங்கி வெடிக்கும். சிரட்டைக்கரித் தூளும் நுண்மணலும் சேர்த்தால் சுருக்கம் குறையும். உலை கட்டும் தீக்களிச் சாந்து கிடைத்தால் அதுவே சுலபம். முதுகில் மூன்று மில்லிமீட்டர் போதும். ஐந்து, ஆறு என்று ஏற்றினால் எண்ணெய்க்குள் போகும்போது பாளமாகக் கழன்று விழும். எண்ணெய்ப் பசையுள்ள, பளபளப்பான தகட்டில் எந்த மண்ணும் பிடிக்காது என்பதால் சொரசொரப்பாகத் தேய்த்துக் கழுவிய பிறகே பூச வேண்டும். மெல்லிய இரும்புக் கம்பி சுற்றிவிடுவதும் நல்லது. வாயை நோக்கி மண்ணை நெருக்கமாக இறக்கினால் கூர் வரவேண்டிய இடமே மென்மையாகிவிடும்.

கொழும்பின் ஈரக்காற்றில் மண் மேலே காய்ந்ததுபோல் தோன்றும். உள்ளே ஈரம் இருக்கும். அப்படியே உலையில் வைத்தால் அந்த ஈரம் நீராவியாகிப் பூச்சைத் தெறிக்கச் செய்யும். ஒரு நாள் நிழலில் வைத்து, பிறகு இளஞ்சூட்டில் காயவிடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் பொறுமை வேண்டும்.

அடுத்தது சூடு. நண்பகல் வெயிலில் நிறம் மங்கித் தெரிவதால் பலர் அளவுக்கு மீறிக் காய்ச்சிவிடுகிறார்கள். அப்போது உருக்கின் உள்ளேயுள்ள நுண்மணிகள் பருத்து, உருக்கு நொறுங்கும். கடினமும் ஆழமாக இறங்கிக் கோட்டை அழித்துவிடும். பொழுது சாய்ந்தபின் செய்யுங்கள். காந்தம் ஒட்டாமல் போவது 770 பாகையில். 1095 உருக்குக்கு அதைவிடச் சற்று மேலே, 800 பாகை அளவில் இருந்தால் சரி. முதுகைப் பார்த்து நிறம் கணிக்க முடியாது, அங்கே மண் இருக்கிறது. வாயைப் பாருங்கள்.

தண்ணீரில் தோய்த்தால் கோடு தெளிவாக வரும், கத்தியும் பிளக்கலாம். டிக் என்று ஒரு சத்தம், பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. தொடங்குபவருக்குத் தேங்காய் எண்ணெயே என் சிபாரிசு. குளிர்ந்த எண்ணெய்தான் வேகமாகக் குளிர்விக்கும் என்று நினைப்பது தவறு. 50 பாகைக்குச் சற்று மேலே சூடாக்கினால் எண்ணெய் இளகி, தகட்டைச் சுற்றி நன்றாக ஓடும். வாகனத்தில் வடித்த கழிவு எண்ணெய் வேண்டவே வேண்டாம், அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது. எண்ணெய்க்கு இரும்புப் பாத்திரமும், தீப்பற்றினால் மூடுவதற்கு ஒரு மூடியும் வேண்டும். வாய்ப்பக்கத்தை ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடிப்பாக விட்டுத் தோய்த்துவிட்டு, கூர் தீட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

தோய்த்த கத்தியைப் பார்த்து மகிழ்ந்து மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பதம் இறக்காத, அதாவது மிதமான சூட்டில் வைத்து நொறுங்கும் தன்மையைக் குறைக்காத உருக்கு கண்ணாடிபோல, இரவிலே தானாகவும் வெடிக்கலாம். கையால் தொடும் சூட்டுக்கு வந்ததும் அடுப்பறை ஓவனில் 200 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இன்னொரு முறை அதே சூட்டில் வையுங்கள்.

கோடு தெரியவில்லை என்று உடனே மறுபடி காய்ச்ச வேண்டாம். கரிப்படலத்தைத் தேய்த்து, மணல்தாளில் படிப்படியாக நுண்மைக்குப் போய், தேசிக்காய்ச் சாற்றையோ வினாகிரியையோ சூடாக்கிப் பூசிப் பாருங்கள். கோடு மண் பூசிய விளிம்பிலேயே வராது, சற்று விலகித்தான் ஓடும்.