ஏரியில் விளைந்ததா, அடுப்பில் விளைந்ததா?

மே மாதத்தில் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டாவுக்குப் போகும் சாலையின் இருபுறமும் பழவேற்காடு ஏரி வறண்டு, உப்புப் பொருக்காக வெளுத்துக் கிடக்கும். இந்த ஆண்டு தடாவிலிருந்து இரண்டு மாணவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஹேசனைட் பற்றி எங்கோ படித்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் மோனோ ஏரியில், காய்ந்து மட்கிய நீலப்பச்சைப் பாசியின் மேல் கண்டெடுத்த பாஸ்பேட் கனிமம் அது. கனிமவியலாளர் ராபர்ட் ஹேசனின் பெயரைத் தாங்கியது. 2011-இல் ‘அமெரிக்கன் மினராலஜிஸ்ட்’ இதழில் அதன் முழு விவரமும் வெளியானது.

“சார், நம் ஏரியிலும் பாசி காய்கிறதே” என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார்கள். உள்ளே சாம்பல் நிறத் தூள். “105 டிகிரியில் ஒரு நாள் முழுக்க உலர்த்திவிட்டோம் சார்.” சொல்லும்போது முகத்தில் அத்தனை பெருமை.

எடுத்த இடத்தைக் குறிக்காமல் விடுவது, பையில் தேதி எழுத மறப்பது போன்றவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. மாதிரி எடுப்பதில் நடக்கும் மற்றத் தவறுகளுக்கு வருகிறேன்.

அடுப்பு

மண்ணின் ஈரப்பதம் பார்ப்பவர்கள் 105 அல்லது 110 டிகிரியில் உலர்த்துவார்கள். மண்ணுக்கு அது சரி. அந்தப் பழக்கத்தை அப்படியே கனிமத்துக்குக் கொண்டுவந்ததுதான் என் முதல் பெரிய சறுக்கல். இதே ஏரியின் பொருக்கை ஒரு கோடை முழுவதும் சேகரித்து, ஒவ்வொன்றையும் 110 டிகிரியில் உலர்த்தி எந்தக் கனிமம் என்று காட்டும் எக்ஸ்-கதிர் சோதனைக்கு அனுப்பினேன். முடிவில் பாசனைட் என்று வந்தது. ஜிப்சத்தைப் போல அதுவும் கால்சியம் சல்பேட்டுதான், ஆனால் ஜிப்சத்தைவிட அரிது. ஒரு கருத்தரங்கில் அதை என் கண்டுபிடிப்பாகவே பேசினேன். பின்வரிசையிலிருந்து ஒரு முதிய பேராசிரியர் எழுந்தார். “எத்தனை டிகிரியில் உலர்த்தினீர்கள்?” சொன்னேன். “தம்பி, அது ஏரியில் விளையவில்லை. உங்கள் அடுப்பில் விளைந்தது.”

ஜிப்சத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய்விடும், மிஞ்சுவது பாசனைட். பாரிஸ் சாந்து செய்வதும் இப்படித்தான். இல்லாத கனிமத்தை நான் உண்டாக்கியிருந்தேன்.

பாஸ்பேட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. இருந்த கனிமம் காணாமல் போகும். ஹேசனைட்டில் பொட்டாசியம், சோடியம், மக்னீசியம், இரண்டு பாஸ்பேட். அவற்றோடு 14 நீர் மூலக்கூறுகள். கணக்குப் போட்டால் எடையில் 45 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். அதன் உறவினரான, அம்மோனியம் கலந்த மக்னீசியம் பாஸ்பேட்டான ஸ்ட்ரூவைட்டும் அப்படியே. ஸ்ட்ரூவைட்டில் 55, 60 டிகிரி தாண்டினாலே நீரும் அம்மோனியாவும் கழன்றுகொள்ளும். படிக ஒழுங்கு குலைந்தால் எக்ஸ்-கதிர் வரைபடத்தில் முகடுகளும் இருக்காது. ‘பாஸ்பேட் கனிமம் ஏதுமில்லை’ என்று அறிக்கை வரும்; அதையும் நம்புவோம். அந்த மாணவர்களின் தூளில் என்ன இருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. பாசி எடுத்த இடத்தை அதற்குள் கோடை மழை கரைத்துவிட்டது. எரிச்சல் எனக்கு அவர்கள் மேல் இல்லை. செய்முறை ஏட்டில் ‘உலர்த்துக’ என்று மட்டும் எழுதி, எதை, எவ்வளவு சூட்டில் என்று எழுதாமல் விட்டவர்கள் மேல்தான்.

நிழலில், வடிதாளின் மேல், காற்றாட விடுங்கள். ஈரம் போனதும் சிறிய குப்பியில் இறுக மூடுங்கள். மே மாத வெயிலில் காரின் முன்கண்ணாடி ஓரமாகப் பையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்; அதுவும் அடுப்புதான். அரைக்கும்போதும் அவசரம் வேண்டாம், உரல் சுடும்.

கழுவுவது

உப்பைத் தண்ணீரில் கழுவுகிறவரிடம் என்ன சொல்ல?

மோனோ ஏரியை இங்கே தேடுவது

மோனோ ஏரிக்கு வடிகால் இல்லை. ஓடைகள் கொண்டுவந்ததெல்லாம் அங்கேயே தேங்கி, கடலைவிட இரு மடங்குக்கும் மேல் உப்பேறி, காரத்தன்மை pH அளவில் 10-ஐ நெருங்கிவிட்டது. பழவேற்காடு கடலோடு வாய் திறந்த காயல். இங்கே பொருக்கில் பெரும்பங்கு சாப்பாட்டு உப்பும் ஜிப்சமும்தான். வெள்ளையாய்க் கண்டதையெல்லாம் ஹேசனைட் என்று பெயரிடாதீர்கள். பாஸ்பேட் தேட ஆசையிருந்தால் பறவை எச்சம் படிந்த இடத்தையும் மட்கும் பாசியின் அடியையும் பாருங்கள். ஸ்ட்ரூவைட் 1845-இல் ஹாம்பர்க்கில் சாணம் ஊறிய மண்ணிலிருந்துதான் முதலில் அறியப்பட்டது.

சோப்புத்தூள்

சில சலவைத்தூள்களில் பாஸ்பேட் உண்டு. அதில் கழுவிய குடுவையில் பாஸ்பேட்டைக் கண்டு குதிக்க வேண்டாம். மோனோ ஏரியிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது: பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கைக் கொண்டு வளரும் பாக்டீரியா என்று 2010-இல் அறிவித்தார்கள். வளர்ப்பு ஊடகத்தில் ஒட்டியிருந்த சிறிதளவு பாஸ்பேட்டே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. 2012-இல் வந்த மறு ஆய்வுகள் அந்த முடிவை மறுத்தன.

அனுமதி

ஏரியின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம். வனத்துறையைக் கேட்காமல் ஒரு பிடி உப்பும் எடுக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பக்கம் வாங்கிய கடிதம் ஆந்திரப் பக்கம் செல்லாது.