நெட் எந்த இடத்தில் நின்றது? பழுதைத் தேடிக்கொண்டே நெட்வேர்க் சொற்களைப் படிப்போம்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டு அன்ரி மாதத்தில் இரண்டு மூன்று தரம் கூப்பிடுவார். "தம்பி, நெட் வேலை செய்யுதில்லை. மகள் கோல் எடுக்கிற நேரம், ஒருக்கா வந்து பாருமன்." மகள் ரொறன்ரோவில். அங்கே காலை விடியும்போது இங்கே பின்னேரம். அந்த ஒரு மணித்தியாலம் தவறினால் அன்ரிக்கு அன்றைய நாளே போய்விடும்.

"நெட் வேலை செய்யுதில்லை" என்ற ஒரு வசனத்துக்குள் நாலு வெவ்வேறு பழுதுகள் இருக்கலாம். பழுது போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கலாம், வீட்டுக்கு வரும் லைனில் இருக்கலாம், அதற்கு அப்பால் இருக்கலாம், பெயரைத் தேடித் தரும் இடத்திலும் இருக்கலாம். எது என்று பிரித்தறிய ஐந்து நிமிடம் போதும். போகும் வழியிலேயே சொற்களும் பிடிபடும்.

படி 1: பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள்

ஃபைபர் கனெக்ஷன் உள்ள வீடுகளில் மெல்லிய கண்ணாடி இழை ஒன்று சுவரைத் துளைத்து வந்து ஒரு பெட்டியில் முடியும். அதற்கு ஓ-என்-டி என்று பெயர். இழையில் வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுவது அதன் வேலை. அந்தத் தொடர்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். இப்போது அநேகமாக இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் எல்லாரும் ரவுட்டர் என்றே சொல்கிறோம்.

பி-ஓ-என் என்று எழுதிய விளக்கு ஆடாமல் எரிந்தால் லைன் நன்றாக இருக்கிறது. எல்-ஓ-எஸ் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி வந்து சேரவில்லை. வீதியில் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது அலுமாரியைத் தள்ளும்போது உங்கள் இழை மடிந்திருக்கலாம். கண்ணாடி இழையைச் செப்புக் கம்பி மாதிரி மடிக்கக் கூடாது. கழற்றிய முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்கவும் வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் அது லேசர்.

விளக்கு எதுவுமே எரியாவிட்டால் மின்சாரம் இல்லை. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும், அதனால் வீட்டில் கரண்ட் போனாலும் கதைக்கலாம். ஃபைபர் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது கொழும்பில் பலருக்கு இந்த வித்தியாசம் விளங்கியது. ரவுட்டருக்கென்று ஒரு சின்ன யூ-பி-எஸ் வாங்கி வைப்பது இன்றைக்கும் நல்லது என்பேன்.

படி 2: வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு

போனில் வைஃபை கோடுகள் நிறைந்திருந்தால், போனிலிருந்து பெட்டி வரைக்கும் வழி சரி. அதற்கு மேல் அந்தக் கோடுகள் எதையும் சொல்வதில்லை. அன்ரிக்கு இதை விளக்கத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது.

வைஃபை பட்டியலில் 2.4, 5 என்று இரண்டு பெயர் தெரிந்தால், அவை கிகாஹேர்ட்ஸில் சொல்லும் அலைவரிசைகள். 5 வேகமானது, ஆனால் கொங்கிரீட் சுவரைத் தாண்டும்போது பலம் இழக்கும். 2.4 தூரம் போகும், ஆனால் மாடிவீடுகளில் எல்லாருடைய ரவுட்டரும் அதிலேயே நெருக்கியடிக்கும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5, கடைசி அறையில் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ரவுட்டரைக் கூப்பிட்டுப் பாருங்கள்

விண்டோஸ் கொம்பியூட்டரின் தேடும் பெட்டியில் சி-எம்-டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்தால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் ஐபிகொன்ஃபிக் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியில் இருப்பது உங்கள் கொம்பியூட்டரின் ஐபி முகவரி, அதாவது நெட்வேர்க்கில் அதை அடையாளம் காட்டும் இலக்கம். டிஃபோல்ட் கேட்வே என்பது ரவுட்டரின் முகவரி, வெளியே போகும் வாசல். பெரும்பாலும் அது 192.168.1.1 ஆக இருக்கும்.

உங்கள் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். முகவரி வழங்கும் அந்த வேலைக்கு டி-எச்-சி-பி என்று பெயர். ரவுட்டரை ஒருதரம் நிறுத்திப் போடுங்கள்.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. அவை மாடிவீட்டின் உள் இலக்கம் போன்றவை. எந்தக் கட்டடத்திலும் ஒரு 3ஏ இருக்கும், தபால்காரருக்கு வீதி இலக்கமும் வேண்டும். உள் இலக்கங்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுத்துவதை நாட் என்பார்கள். இப்படிச் செய்யக் காரணம் பற்றாக்குறை. ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். அந்தக் குறையைப் போக்க வந்தது ஐபிவி6.

இப்போது பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, கேட்வே முகவரியை அடியுங்கள். "இருக்கிறாயா?" என்று நாலு தரம் கேட்கும். ஒவ்வொரு பதிலிலும் டைம் என்றும் எம்-எஸ் என்றும் ஒரு அளவு வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. ரிப்ளை என்ற சொல்லை மட்டும் நம்பவேண்டாம், "சேர முடியவில்லை" என்ற செய்தியும் அதே சொல்லோடுதான் வரும்.

படி 4: வெளியே கூப்பிடுங்கள்

அதே மாதிரி 8.8.8.8 ஐப் பிங் பண்ணுங்கள். அது கூகுளின் முகவரி. ரவுட்டர் பதில் தந்து இது தராவிட்டால் பழுது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே.

எம்-எஸ் என்பது மில்லிசெக்கன், செக்கனில் ஆயிரத்தில் ஒன்று. போய் வர எடுக்கும் இந்த நேரம்தான் லேட்டன்சி. ஒளி கண்ணாடி இழைக்குள் செக்கனுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். சிங்கப்பூர் இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். ஆகவே எவ்வளவு காசு கட்டினாலும் போய் வர 27 மில்லிசெக்கனுக்குக் குறையாது. எங்கள் வெளிநாட்டுத் தொடர்பு கல்கிசை, மாத்தறை போன்ற கரைகளில் இறங்கும் கடலடிக் கேபிள்கள் வழியாகவே போகிறது. ரொறன்ரோ மகளின் குரல் சற்றுப் பிந்தி வருவதில் அந்தத் தூரத்துக்கும் பங்கு உண்டு.

படி 5: பெயரைக் கூப்பிடுங்கள்

8.8.8.8 பதில் தருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டி-என்-எஸ்ஸைச் சந்தேகியுங்கள். நாம் பெயர் சொன்னால் அதற்குரிய ஐபி முகவரியைத் தேடித் தரும் சேவை அது. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. எங்கள் நாட்டுப் பெயர்களுக்கு எல்-கே என்ற ஈற்றோடு .இலங்கை என்று தமிழிலேயே ஓர் ஈறும் உண்டு, இது எனக்குப் பெரிய சந்தோசம். வைஃபை செட்டிங்ஸில் டி-என்-எஸ் இடத்தில் 1.1.1.1 என்று போட்டுப் பாருங்கள், அது கிளவுட்ஃபிளேர் கம்பனியின் டி-என்-எஸ். தளங்கள் திறந்தால் பழுது அங்கேதான்.

வேகம் குறைவென்றால்

100 எம்-பி-பி-எஸ் பக்கேஜில் கோப்பு இறங்கும்போது 12 என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை. பக்கேஜ் மெகாபிட்டில், கோப்பு மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. இந்த அளவைத்தான் பேண்ட்வித் என்கிறார்கள். 101 பஸ்ஸில் எத்தனை பேர் ஏறலாம் என்பது பேண்ட்வித், மொறட்டுவையிலிருந்து கோட்டைக்கு வர எவ்வளவு நேரம் என்பது லேட்டன்சி. வீடியோ கோல் இழுபட்டால் பெரிய பஸ் கேட்பதற்கு முன் பிங் நேரத்தைப் பாருங்கள்.

வேகத்தை அளக்கும்போது கேபிளால் ரவுட்டரோடு நேரே இணைத்து அளந்து பாருங்கள். வைஃபையில் அளந்தால் உங்கள் சுவரையும் சேர்த்தே அளக்கிறீர்கள்.

கம்பனிக்குக் கோல் எடுக்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: "பி-ஓ-என் எரியுது, எல்-ஓ-எஸ் இல்லை. கேட்வே பதில் தருது, 8.8.8.8 தரவில்லை. கேபிளில் போட்டும் பார்த்தேன்." ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்லும் முதல் பத்து நிமிடம் மிச்சம். அன்ரியின் ரவுட்டர் மேல் இந்த வரிகளை ஒரு மட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன், பக்கத்தில் அவருடைய கணக்கு இலக்கமும் இருக்கிறது.