வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த இலவச மெயில் மென்பொருள்?

ஒரே ஒரு ஜிமெயில் கணக்கு, அதிலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஆஃபர் மெயிலும்தான் வரும் என்றால் எந்த மென்பொருளும் வேண்டாம், பிரவுசரே போதும். இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்கள், நெட் இல்லாதபோதும் பழைய மெயிலைத் தேட வேண்டியவர்கள், ஜிமெயிலின் 15 ஜிபி நிரம்பித் தவிப்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

விண்டோஸோடு வந்துகொண்டிருந்த மெயில் ஆப்பை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டது. அந்த இடத்தில் இப்போது புதிய அவுட்லுக். இலவசம்தான், ஆனால் விளம்பரம் வரும். அதுகூடப் பரவாயில்லை. அதில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால் உங்கள் மெயில்களின் நகல் மைக்ரோசாஃப்டின் கிளவுடுக்கும் போகும். சேர்க்கும்போதே சொல்லித்தான் அனுமதி கேட்கிறார்கள், நாம்தான் படிக்காமல் ஓகே தட்டிவிடுகிறோம். சம்மதம் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒப்பவில்லை.

நான் சொல்வது தண்டர்பேர்ட். பயர்பாக்ஸ் தந்த மொசில்லாவின் வழியில் வந்தது, முதல் முழுப் பதிப்பு 2004-இல். கட்டற்ற மென்பொருள், பெரும்பாலும் நன்கொடையில் ஓடுகிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கும், எத்தனை கணக்கு வேண்டுமானாலும் சேர்க்கலாம். பார்க்க அழகாக வேண்டும் என்பவர்களுக்கு ஈஎம் கிளையன்ட் இருக்கிறது, ஆனால் இலவசப் பதிப்பில் இரண்டு கணக்கோடு சரி. மேக் வைத்திருப்பவர்கள் ஆப்பிள் மெயிலை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அப்புறம் வேறு தேடலாம்.

தண்டர்பேர்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பெயரும் மெயில் முகவரியும் கொடுத்தால் ஜிமெயில் சர்வர் விவரங்களை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும், பிறகு கூகுளின் லாகின் பக்கம் தனியாகத் திறக்கும், பாஸ்வேர்டை அங்கேதான் தர வேண்டும். வெறும் பாஸ்வேர்டை வாங்கி உள்ளே நுழையும் மென்பொருள்களை கூகுள் 2022-இலேயே தடுக்க ஆரம்பித்துவிட்டதால், பழைய சிடியில் இருக்கும் எதையாவது நிறுவி மல்லுக்கட்ட வேண்டாம்.

மெயிலைப் பெறும் முறை ஐமேப்பா (IMAP), பாப்பா (POP) என்று கேட்டால் ஐமேப். மெயில் சர்வரிலேயே இருக்கும், போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே நிலைமை தெரியும். ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும், ஞாபகம் இருக்கட்டும். பாப் என்பது மெயிலை ஒரு கம்ப்யூட்டருக்கு இறக்கிவைக்கும் பழைய முறை, போனிலும் மெயில் பார்ப்பவர்களுக்குக் குழப்பம்தான்.

இடம் காலி செய்ய, பெரிய இணைப்புகள் உள்ள பழைய மெயில்களை, தண்டர்பேர்ட் உங்கள் கம்ப்யூட்டரிலேயே சேமித்துவைக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகர்த்துங்கள். இன்பாக்ஸிலிருந்து நகர்த்தினாலும் ஜிமெயில் தன் ஆல் மெயிலில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டிருக்கும், அதனால் அங்கேயும் அழித்து, ட்ராஷையும் காலி செய்தால்தான் ஜிபி குறையும். அழிப்பதற்கு முன், நகர்த்திய மெயில் இங்கே திறக்கிறதா, இணைப்பும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி அந்த மெயில்கள் உங்கள் ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான். எனவே பேக்கப் கட்டாயம். ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போனால், மெயிலும் செட்டிங்குகளும் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டர் எங்கே என்று காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே எக்ஸ்டர்னல் டிஸ்கில் காப்பி செய்யுங்கள். டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் வசதியும் உண்டு, ஆனால் 2 ஜிபியைத் தாண்டினால் கையால் காப்பி செய்வதுதான் வழி.