கால்நடைகளைக் குழுக்களாகப் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடுகளைப் பிரித்து விடுவோரில் பலர் கறக்கும் பாலின் அளவை மட்டுமே பார்க்கிறார்கள். தலையீற்றுப் பசு பால் தந்தபடியே தானும் வளர வேண்டிய வயதில் இருப்பது. பல ஈற்றுக் கண்ட பெரிய பசுக்களோடு ஒரே தொட்டியில் விட்டால், அவை தின்றுவிட்டு நகர்ந்த பின் மிஞ்சும் தண்டுதான் அதற்குக் கிடைக்கும். பால் குறைகிறது என்று தீவனத்தை மாற்றுவதற்கு முன், தீவனம் போட்டதும் அரை மணி நேரம் தொட்டியருகே நின்று எந்த மாடு பின்வாங்குகிறது என்று கவனிப்பது நல்லது.

ஈனுவதற்கு முன் ஏறக்குறைய 60 நாட்கள் பால் வற்றவிடப்படும் சினைப் பசுவைக் கறவைக் கூட்டத்திலேயே விட்டுவைப்பதும் தவறு. கறவைக்கான சுண்ணாம்புச் சத்து மிகுந்த தீவனத்தையே கடைசி 3 வாரங்களிலும் தின்றுவந்தால், எலும்பில் சேர்ந்துள்ள சுண்ணாம்பை வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் திறன் உடலில் மந்தப்பட்டுவிடும். ஈன்றதும் சீம்பாலில் அது ஏராளமாக வெளியேறும்போது ஈடுகட்ட இயலாமல் பசு பால் காய்ச்சலில் படுத்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது, நோயுற்ற மாட்டைக் கட்டும் அறையையே ஈனும் அறையாகவும் பயன்படுத்துவது. ஈன்ற பசுவின் கருப்பை வாய் திறந்திருக்கிறது; சீம்பால் குடிக்கும்வரை கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லை. அவ்விரண்டையும் கழிச்சலோ மடிவீக்கமோ கண்ட மாடு நேற்றுவரை படுத்திருந்த தரையில் விடுவது நோயைத் தேடிப்போய் வாங்குவதாகும். இடம் போதவில்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் மழை, வெயில் இல்லாத நாளில் சுத்தமான புல்தரைகூட அந்த அறையைவிட மேல்.

புதிதாக வாங்கிய மாட்டை 3 வாரங்களாவது தனியே வைக்க வேண்டும் என்பதைப் பலர் அறிவார்கள். அறிந்தும் அதே வாளியையும் அதே செருப்பையும் இரு கொட்டகைகளிலும் பயன்படுத்துகிறார்கள். வேலை கன்றுகளில் தொடங்கி, நலமான கறவைகளுக்குச் சென்று, மடிவீக்கம் கண்டவற்றைக் கடைசியாகக் கறந்து முடிய வேண்டும்.

அடிக்கடி குழு மாற்றுவதும் கேடுதான். புதிய கூட்டத்தில் யார் பெரியவர் என்று முட்டித் தீர்த்துக்கொள்ளச் சில நாட்கள் ஆகும். அதுவரை பால் குறையும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒற்றை மாட்டை அனுப்பாமல், பழகிய இரண்டு மூன்றைச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆடு வளர்ப்போர் கிடாக்குட்டிகளை 3 மாத வயதிலேயே பிரித்துவிடாவிட்டால், வளர்ச்சி முடியாத பெட்டைகள் சினையாகிவிடும்.