யாழ்ப்பாண ரயிலில் போகிறவர்கள் அநுராதபுரத்தில் இறங்கலாமே

வெளிநாட்டிலிருந்து வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் வான் பிடித்து இரவோடிரவாக ஊருக்குப் போய்ச் சேர்வதுதான் நம்மவர் வழக்கம். பெட்டிகள் அதிகம், வயதானவர்கள் கூட வருகிறார்கள் என்றால் அதுவும் சரிதான். ஆனால் திரும்பி வரும்போதாவது ரயிலில் வாருங்கள். வரும் வழியில் ஓரிரவு அநுராதபுரத்தில் தங்குங்கள். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் எத்தனையோ தடவை போய்வந்த நம்மில் பலர் அந்த ஊரை யன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறோம்.

இலங்கையில் ரயில் 1865இல் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை அது. வடக்குக்குப் பாதை வரக் காலம் எடுத்தது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ஒரு துண்டுப் பாதைதான் ஓடியது. 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி கொழும்பிலிருந்து முதல் ரயில் யாழ்ப்பாணம் வந்தது. யாழ்தேவி கடுகதி ரயில் ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். 1990 ஜூனில் போரால் சேவை நின்றதும், தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. இந்தியக் கடனுதவியுடன் பாதை திரும்பப் போடப்பட்டு, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஓடும் பெட்டியைவிட நல்ல இடம் இல்லை. ஓமந்தை, கிளிநொச்சி, ஆனையிறவு என்று பெயர்ப்பலகைகள் தாமாகவே கதையை எடுத்துக் கொடுக்கும்.

குளிரூட்டிய முதலாம் வகுப்பு முதலில் நிரம்பிவிடும். முன்பதிவு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்பே இணையத்தில் திறக்கும். விடுமுறைக் காலம் என்றால் திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். கடவுச்சீட்டு இலக்கம் கேட்பார்கள். எந்தக் கடவுச்சீட்டின் இலக்கத்தைக் கொடுத்தீர்களோ அதையே பயணத்தன்றும் கையில் வைத்திருங்கள். பாதை வேலை, வெள்ளம் என்று நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால், முதல்நாள் நிலையத்திலேயே ஒருமுறை விசாரிப்பது நல்லது. எனக்குப் பிடித்தது இரண்டாம் வகுப்புதான். யன்னல் திறந்திருக்கும், "வடே, வடே" என்று கூவிக்கொண்டு இறால் வடைக் கூடையோடு வருகிறவர் பழைய கொப்பித் தாளில் சுற்றி, மேலே வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தூவித் தருவார். எதிர் இருக்கையில் தெற்கிலிருந்து நயினாதீவு விகாரைக்கு யாத்திரை போகும் வெள்ளை உடுப்புக் குடும்பம் ஒன்று சோற்றுப் பொதியைப் பிரிக்கும். நாலு சிங்களச் சொல் தெரிந்திருந்தால் உங்களுக்கும் பங்கு உண்டு.

அநுராதபுரம் பௌத்த தலம் என்றதும் நம்மில் பலருக்கு முகம் சுருங்கும். அதற்குக் காரணங்களும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அது தமிழ் மன்னன் எல்லாளன் அரசிருந்த ஊர். அவனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனுவே அவனுக்கு நினைவிடம் எழுப்பி, அதைக் கடப்போர் மரியாதை செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டதாகப் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. எல்லாளன் சமாதி என்று நெடுங்காலம் காட்டப்பட்ட செங்கல் மேட்டைத் தொல்லியலாளர் பின்னர் தக்கின தூபி என்ற பௌத்தத் தூபி என்றார்கள். வாதம் இன்னும் அடங்கவில்லை. அங்கே கூட்டம் இராது, நின்று பார்க்கலாம். ருவன்வெலிசாய தூபிக்கும் மகாபோதி அரசமரத்துக்கும் விடியற்காலையில் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும்; பத்து மணிக்குப் பிறகு கல் தகிக்கும். ஒரு சோடி காலுறை கொண்டு போனால் உள்ளங்கால் தப்பும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குத் தொல்லியல் பகுதியில் தனிக் கட்டணம். தேசிய அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

தோளும் முழங்காலும் மூடிய உடை, வெள்ளையாக இருந்தால் நல்லது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்க வேண்டாம். பச்சை குத்திய இளசுகள் கவனம்: கையில் புத்தர் உருவம் குத்தியிருந்ததற்காக 2014இல் ஒரு பிரித்தானியப் பெண்ணைப் பிடித்து நாடு கடத்தினார்கள். மூன்று வருடம் கழித்து உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது, ஆனால் விடுமுறை போனது போனதுதானே.

நாட்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போயா எனப்படும் ஒவ்வொரு பௌர்ணமியும் அரச விடுமுறை. மதுக்கடை பூட்டியிருக்கும், ரயிலில் நிற்கவும் இடம் கிடைக்காது. ஜூனில் வரும் பொசன் போயா இன்னொரு கணக்கு. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர் வந்திறங்கிய மிகிந்தலை அநுராதபுரத்திலிருந்து 13 கிலோமீற்றர்தான். அந்த நாட்களில் அங்கே கிளைப்பாதையில் சிறப்பு ரயில்கள் ஓடும், வழிநெடுகத் தன்சல் என்ற அன்னதானப் பந்தல்களில் சாப்பாடு இலவசம். சனநெரிசல் பிடிக்கும் என்றால் அன்றைக்கே போங்கள். கைக்குழந்தையோடு வேண்டாம்.

வடக்கிலும் இந்தப் பாதையோரம் பார்க்க இருக்கிறது. சுன்னாகத்தில் இறங்கி ஓட்டோவில் கந்தரோடைக்குப் போங்கள். பனைகளுக்கு நடுவில் முருகைக்கல்லால் ஆன சிறு பௌத்தத் தூபிகள் கொத்தாக நிற்கும். 1917 அளவில் போல் பீரிஸ் அங்கே அகழ்ந்தார். பலகையில் கதுருகொட விகாரை என்று சிங்களப் பெயர் இருக்கும், திகைக்க வேண்டாம். தமிழர் பௌத்தராகவும் இருந்தார்கள் என்பதற்கு மணிமேகலை காப்பியத்தைத் தாண்டிச் சாட்சி தேடும் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள். நயினாதீவுக்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவான் பஸ், பிறகு படகு. நாகபூசணி அம்மனும் நாகவிகாரையும் ஒரே தீவில்தான். ஆனித் திருவிழாக் காலத்தில் படகுக்கு நீண்ட வரிசை நிற்கும், ஆகவே காலை முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுங்கள். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று இறங்குதுறையிலேயே கேட்டு வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடங்கள்.